மணியம் அண்ணனின் மோட்டார் கிளைம்

1. தஞ்சோங் கிளிங் சாலையில்

"தங்கச்சி, காடி செத்துப் போச்சு" என்றார் மணியம் அண்ணன் ஃபோனில். அவருக்குப் பின்னால் யாரோ இருவர் விமானத்தை விட்டுவிடுவோம் என்று ஆங்கிலத்தில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் புறப்பட்டவர், கடற்கரைச் சாலையைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டார்.

"ஸ்கிரீன்ல என்ன வந்துச்சு ண்ணே?"

"ஆமை படம் ஒன்னு வந்துச்சு. மெதுவாச்சு. அப்புறம் சிவப்பு எழுத்து. அப்புறம் ஒன்னுமே இல்ல லா."

"அவுங்கள வேற காடியில ஏத்தி விடுங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காதீங்க. டோ லோரி அனுப்புறேன். நாலு டயரும் மேல ஏறணும், இழுத்துக்கிட்டு வர விடாதீங்க."

செங் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு மின்சாரக் கார் சர்வீஸ் சென்டரில் வாரண்டி கவுண்டர் என்னுடையது. பெட்ரோல் காடி காலத்திலிருந்தே கவுண்டரில்தான் குப்பை கொட்டுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். இந்த நாற்காலிக்கு அது வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த ஃபால்ட் கோடுக்கு என்ன அர்த்தம் என்பதுதான். அது கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. நான் சொல்லித் தர நினைப்பது மணியம் அண்ணன் கதையை.

அவர் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். வேலை முடிந்ததும் சேமநிதிப் பணத்தைப் போட்டு இந்தக் காடியை வாங்கி, ஹோட்டல் சவாரி ஓட்டினார். வாழ்நாளெல்லாம் எண்ணெய் நாற்றத்தில் இருந்துவிட்டு எண்ணெயே ஊற்றாத காடி வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். காடி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்பது அவருக்குச் சிரிப்பு இல்லாத விஷயம்.

எங்கள் டெக்னீஷியன் ஹாபிஸ் ரப்பர் கையுறை போட்டு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மோட்டாரைச் சோதித்தான். இன்சுலேஷன் போய்விட்டது. அதாவது கம்பிச் சுருளில் ஓட வேண்டிய மின்சாரம் மோட்டாரின் உடம்புக்கே கசிகிறது. காடி அதைக் கண்டுபிடித்துத் தன்னையே நிறுத்திக்கொண்டது. இந்த மாடலில் மோட்டாரைப் பிரித்து ரிப்பேர் செய்ய எங்களுக்கு அனுமதி கிடையாது. முழுதாக மாற்ற வேண்டும். வாரண்டி கிடைத்தால் அண்ணனுக்குச் செலவு இல்லை. கிடைக்காவிட்டால் காடியை விற்றாலும் கட்டாது.

போட்டோ எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினோம். பதில் சுருக்கமாக வந்தது. மோட்டாருக்கு மேலுள்ள கண்ட்ரோல் பெட்டியில் துரு வடிந்த தடம் தெரிகிறது, வெளித் தண்ணீர் புகுந்திருக்கிறது, கிளைம் இல்லை.

2. "யாரும் தொடல"

வெள்ளத்தில் காடியை நீந்தவிட்டு, மழையே பார்க்காத காடி என்று சத்தியம் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் காடியில் நான் கார்பெட்டைத் தூக்கியபோது செத்த மீன் குஞ்சு கிடந்தது. அப்போதும் அவர் அசரவில்லை, பாசாரில் மீன் வாங்கினேன் என்றார். அதனால் மணியம் அண்ணனையும் அவர் மனைவி லெட்சுமி அக்காவையும் எதிரில் உட்காரவைத்தபோது, எனக்குள் பாதி போலீஸ்காரி இருந்தாள்.

"தண்ணியில ஓட்டுனீங்களா ண்ணே?"

"சாமி சத்தியமா இல்ல."

"முன்னாடி பானெட்ட தொறந்து கவர கழட்டுனீங்களா? தண்ணி அடிச்சுக் கழுவுனீங்களா?"

"இல்ல. யாரும் தொடல. வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். லெட்சுமி அக்கா அவரைப் பார்த்தார். சரி, இவரும் மீன் குஞ்சு கேஸ்தான் என்று எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம் என் பின்னால் வந்து நின்று, "ஹாபிஸ் லா, சரஸ். அடுத்த கேஸைப் பாரு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் டெக்னீஷியனைச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், முடிந்துபோன விஷயம் என்று அர்த்தம்.

போட்டோவை அண்ணனுக்குக் காட்டிப் புரியவைக்கலாம் என்று ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். பெரிதாக்கினேன். அப்போதுதான் நானே அதை ஒழுங்காகப் பார்த்தேன். சிவந்த பழுப்பு நிறத்தில் ஒரு கோடு கீழே வடிந்திருந்தது உண்மைதான். ஆனால் கோடு தொடங்கிய இடம் உருண்டையாக இருந்தது. கட்டைவிரல் அளவுக்கு, அழுத்தி வைத்தாற்போல. துரு இப்படிப் பார்த்துப் பார்த்து நடு நெற்றியில் உட்காராது.

"அண்ணே, காடிக்குப் பூஜை போட்டீங்களா?"

லெட்சுமி அக்காதான் பொறுக்க மாட்டாமல், "சொல்லுங்களேன். என்ன கொலையா பண்ணிட்டோம்?" என்றார்.

பிறகு எல்லாம் வந்தது. காடி வாங்கியதும் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிப்போயிருக்கிறார்கள். பூசாரி பானெட்டைத் திறக்கச் சொல்லி, "எஞ்சின் எங்கய்யா?" என்று கேட்டிருக்கிறார். உள்ளே பார்த்தால் வெறும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. பழைய காடிகளுக்கெல்லாம் எஞ்சினுக்குத்தான் பொட்டு வைத்தோம், இதற்கு மட்டும் பிளாஸ்டிக்குக்கா வைப்பது என்று அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. கிளிப்பைக் கழற்றி மூடியைத் தூக்கியிருக்கிறார். பூசாரி பெட்டியின் மேல் குங்குமம் வைத்து, தாராளமாகப் பன்னீரும் தெளித்திருக்கிறார்.

"பின்ன ஏன் ண்ணே யாரும் தொடலன்னீங்க?"

"காடி வித்த பையன் சொன்னான் தங்கச்சி. உள்ள எதையாச்சும் கழட்டுனா வாரண்டி போயிடும்னு."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அந்த மூடி எட்டு கிளிப்பில் நிற்கும் சாதாரண மூடி. வாஷர் தண்ணீர் ஊற்றக்கூட அதைத்தான் தூக்க வேண்டும். அதைத் தூக்கியதற்கு எந்த வாரண்டியும் போகாது. அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மையை, அதுதான் தன்னைக் கவிழ்த்துவிடும் என்று நினைத்து இந்த மனிதர் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

3. தே ஓ ஐஸ் லீமாவ்

குங்குமம் என்று நான் சொன்னால் தலைமையகம் நம்ப வேண்டுமே. லெட்சுமி அக்காவிடம், "எந்தக் கடைக் குங்குமம்?" என்று கேட்டேன்.

"கடையா? நானே செய்யிறது. மஞ்சளும் சுண்ணாம்பும். கோயில் வாசல்ல நான்தான் விக்கிறேன். கலப்படம்னு யாராச்சும் சொன்னா எலுமிச்சம்பழத்த புழிஞ்சு காட்டுவேன், மஞ்சளா திரும்பிடும்."

ஆலம் கரைத்துப் பழகிய கை எனக்கும் உண்டு. மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும், புளிப்பு விழுந்தால் மறுபடி மஞ்சளாகும். துரு அப்படி நிறம் மாறாது. ஹாபிஸை எதிர்க்கடைக்கு அனுப்பினேன். தே ஓ ஐஸ் லீமாவ், அதாவது எலுமிச்சை பிழிந்த ஐஸ் டீ, கலக்கும் அந்தக் கடையம்மா ஒரு பை நிறையச் சின்ன எலுமிச்சை கொடுத்து, காடிக்குத் தாகமா என்று கேட்டாராம்.

மிஸ்டர் லிம்மையும் கூப்பிட்டு, தலைமையகத்து இன்ஜினியர் அம்மாவை வீடியோ காலில் பிடித்தோம். ஹாபிஸ் பஞ்சில் சாற்றை நனைத்து அந்த உருண்டையின் மேல் வைத்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மணியம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பஞ்சின் ஓரம் மெல்ல மஞ்சளானது.

"நாந்தான் சொன்னேன்ல" என்றார் லெட்சுமி அக்கா, ஸ்கிரீனில் இருந்த இன்ஜினியரைப் பார்த்துத் தமிழிலேயே.

அந்த அம்மா சிரித்தார். மோட்டாருக்கு ஏன் அலங்காரம் என்று கேட்டார். அலங்காரம் இல்லை, அதை நம்பித்தான் இவர்கள் சோறு சாப்பிடுகிறார்கள், அதற்கு ஒரு மரியாதை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு நியாயமான ஒரு கேள்வி கேட்டார். கறை துரு இல்லை, சரி. அப்படியானால் இன்சுலேஷன் எதனால் போனது?

அதற்கு நானும் தயாராகத்தான் இருந்தேன், ஹாபிஸ் எலுமிச்சைக்குப் போன நேரத்தில் காடியைச் சுற்றிப் பார்த்துவிட்டேன். "கூலண்ட் டாங்கில் அளவு குறைந்திருக்கிறது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. மோட்டாரின் வடிகால் போல்ட்டைக் கழற்ற அனுமதி கொடுங்கள்" என்றேன். இத்தனை நேரம் எல்லோரும் மேலே இருந்த கறையையே பார்த்துக்கொண்டிருந்தோம், அடியில் யாரும் பார்க்கவில்லை.

அனுமதி கிடைத்தது. காடியை மேலே தூக்கி, ஹாபிஸ் போல்ட்டைக் கழற்றினான். வெள்ளத்தண்ணீர் என்றால் சேறாக வர வேண்டும். வந்தது நீல நிறத்தில், தெளிவாக, அசல் கூலண்ட். மோட்டாருக்குள் இருந்த சீல் கிழிந்து, மோட்டாரைக் குளிர்விக்க வேண்டிய திரவம் அதற்குள்ளேயே இறங்கியிருக்கிறது. தயாரிப்புக் கோளாறு. இன்ஜினியர் அம்மா அங்கிருந்தே கிளைமை ஏற்றுக்கொண்டார்.

மணியம் அண்ணன் வடிகால் தட்டில் இருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் உடனே ஹாபிஸைத் தரையைத் துடைக்கச் சொல்லி அதட்டினேன்.

4. புது மோட்டார்

மோட்டார் வந்து பொருத்தி, ஓட்டிப் பார்த்து, காடியைக் கழுவித் தயாராக வைத்தோம். அண்ணன் சாவியை வாங்கிய பிறகும் போகவில்லை. லெட்சுமி அக்கா கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். உள்ளே குங்குமச் சிமிழ் இருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

"வேணாம்னா வேணாம் தங்கச்சி" என்றார் அண்ணன்.

நானே பானெட்டைத் திறந்தேன். "வைங்கக்கா. ஆனா கவருக்கு மேல வைங்க. பன்னீர் கொஞ்சமா."

"கவருல வெச்சா மோட்டாருக்குப் போய்ச் சேருமா?" என்று அண்ணன் கேட்டார்.

"சாமிக்கு எட்டு கிளிப்பு ஒரு தடையா ண்ணே?"

அக்கா பொட்டு வைத்தார். மிச்சமிருந்த எலுமிச்சையை ஹாபிஸ் தானே கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தான். நான் பொட்டோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, புது மோட்டாரின் ஃபைலில் முதல் படமாக ஏற்றினேன். மிஸ்டர் லிம் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மறுவாரம் அவருடைய புதுக் காடியின் கண்ணாடியில், சீனர்கள் நல்ல காலத்துக்குக் கட்டும் சிவப்பு ரிப்பன் தொங்கியது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிள்ளைகளே, பொய் சொல்கிறவர்களில் சிலர் ஏமாற்றுக்காரர்கள், பலர் பயந்தவர்கள். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் இரண்டு பேருமே ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அதனால் நான் இப்போது அப்படிக் கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, காடி வாங்கிய அன்று முதலில் எங்கே ஓட்டிப்போனீர்கள் என்று கேட்கிறேன். அதற்குப் பொய் சொன்னவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த மீன் குஞ்சுக்காரர்கூட, நேராக அம்மா வீட்டுக்குத்தான் போயிருப்பார்.