கீழ்ச்சுவர் மலையாண்டி

07.02.2023 – எக்ஸ்ரே, ரூ. 350.
22.03.2023 – ஸ்கேன், ரூ. 4,800.
03.04.2023 – இடுப்பு மூட்டு மாற்ற, தனியார் மருத்துவமனை எழுதிக் கொடுத்த மதிப்பீடு, ரூ. 1,85,000.
13.07.2023 – முதல் மனு, பதிவுத் தபால், ரூ. 30.

முகாமில் செக்கிங் என்றால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். மலையாண்டி வெளியே நடப்பார். பெயிண்ட் உருளை மாட்டும் கம்பைக் கைத்தடியாக ஊன்றி, வலது காலை இழுத்தபடி சாலையைக் கடந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். உசிலம்பட்டி போகும் சாலையில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் அது. அதிகாரிகள் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் கை தூக்க வேண்டும். தலைகளை எண்ணி முடித்து ஜீப் கிளம்பியதும் இவர் எழுந்து வீட்டுக்குப் போவார். “எண்ணி முடிச்சிட்டாக. இனி நான் இருக்கலாம்” என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

வயது ஐம்பத்தெட்டு. அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தார். “எங்க தாத்தா இந்தப் பக்கத்துலருந்துதான் தோட்டத்துக்குப் போனாராம். எந்த ஊருன்னு கேட்டு வைக்கல. உசிலம்பட்டியா இருக்கும், கொட்டாம்பட்டியா இருக்கும். பஸ்ல போகையில ஒவ்வொரு ஊரையும் இதுவா இதுவான்னு பாத்துக்கிருவேன்” என்பார். ஆஸ்பத்திரிக்கு அவரோடு போன பயணங்களில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

பதிவேட்டில் அவர் பெயரும் ஒரு காலத்தில் இருந்தது. 2004 ஜூனில் கொட்டாம்பட்டியில் ஒரு கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தார். மறுநாள் செக்கிங் என்று தகவல் வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. மனைவி செல்லத்தாயின் தம்பி சிவபாண்டியைப் போனில் பிடித்து, “பாத்துக்க மாப்ள” என்றார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். தன் பெயருக்குக் கை தூக்கியவர், மலையாண்டி பெயரைக் கூப்பிட்டதும் அதே கையைத் தூக்கினார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சிவபாண்டிக்குத் திட்டு, மலையாண்டியின் பெயர் மீது சிவப்புக் கோடு. முகாம் அட்டையும் பறிபோனது.

“சட்டையவாச்சும் மாத்திக்கிட்டு நின்னிருக்கக் கூடாதா?” என்று இருபது வருடமாகக் கேட்கிறார்.

“என்கிட்ட இருந்ததே ஒரு சட்டைதானே மச்சான்” என்று இருபது வருடமாகச் சிவபாண்டி பதில் சொல்கிறார்.

இருவரும் சேர்ந்தேதான் பெயிண்ட் வேலைக்குப் போகிறார்கள். இடுப்பு மூட்டு தேய்ந்த பிறகு மலையாண்டியால் ஏணி ஏற முடியவில்லை. தன் தலை உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். “இதுக்கு மேல உன் நாடு, கீழ என் நாடு.” கீழ்ச்சுவரில் ஒரு திட்டு இருக்காது; ஒரு சொட்டுத் தரையில் விழாது. என் வீட்டில் அவர்கள் வேலை செய்த பதினொரு நாளும் கவனித்தேன். சிவபாண்டி உச்சி மூலையை நிரப்பும்போதெல்லாம் இவர் உருளையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

“அந்த மூலையில இன்னொரு கை இழு மாப்ள.”

“இங்கன ஏறி வந்து சொல்லுங்க மச்சான்.”

“வாரேன். மூட்டு வந்ததும் மொத வேல அதான்.”

மூட்டு வருவதில்தான் சிக்கல். அறுவைக்குப் பணம் வேண்டாம், செயற்கை மூட்டு மட்டும் காப்பீட்டில் வர வேண்டும் என்று அரசு மருத்துவர் சொல்லியிருந்தார். முகாம் குடும்பங்களுக்குக் காப்பீடு உண்டு. செல்லத்தாயின் அட்டையில் செல்லத்தாய் இருக்கிறார், மகள் சுபலட்சுமி இருக்கிறாள். மலையாண்டி இல்லை. அந்த அட்டையின் நீள எண்ணை அவர் மட்டும் பார்க்காமல் சொல்வார். சொல்லிவிட்டு, “மூணாவது வரி சும்மாதான் கெடக்கு. எனக்கு அம்புட்டு எடம் போதும்யா” என்பார்.

அவர் பெயரை அந்த அட்டையில் சேர்க்கக் கேட்டு, அவருக்காக மூன்று மனுக்கள் எழுதினேன். முதல் இரண்டுக்கும் என் முகவரிக்குப் பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. மூன்றாவதில், அவர் கேட்டுக்கொண்டபடி, பதில் முகவரியாக அவருடைய முகாம் வீட்டு எண்ணையே போட்டேன்.

அதற்கு வந்த பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். முகாம் பதிவேட்டில் பெயர் இல்லாதவரைக் காப்பீட்டில் சேர்க்க வழியில்லை. இக்கோரிக்கை இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது. நான்கு வரி, ஒரு முத்திரை.

அது வந்தபோது நான் அவர் வீட்டு வாசலில் இருந்தேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, “மலையாண்டி யாரு?” என்றார். எதிர்வீட்டுப் பெண்களும் பம்படியில் நின்றவர்களும் ஒரே சமயத்தில் இவரைக் காட்டினார்கள். தபால்காரர் ஒப்புகை அட்டையை நீட்டி, கையெழுத்து கேட்டார்.

“முழுப் பேரும் எழுதலாமா?”

“உங்க பேருதானே, எழுதுங்க.”

உறையை அவர் பிரிக்கவில்லை, அக்குளில் இடுக்கிக்கொண்டார். விரல்களைக் கைலியில் துடைத்தார். அட்டையைச் சுவரில் வைத்து, தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்த பிறகும் அட்டையைத் தரவில்லை. தபால்காரர் நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, மை காயும் வரை ஊதிக்கொண்டு நின்றார்.

கடிதம் வந்த நாள்: 12.09.2024.