எல்லா டெஸ்ட்டுக்கும் ஒரே முதல் வரி

கம்ப்யூட்டர் தொழிலில் தப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான்; அது யாருடைய தப்பு என்று முடிவு கட்டுவதற்குள் மாசம் ஓடிவிடும். உங்களில் யாராவது இன்னொருத்தர் எழுதிய டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டவர்களாக இருந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நானும் அதே பெஞ்சுதான்.

ஆளுக்கொரு ஆரம்பம்

வெளிநாட்டில் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, ஐம்பதை நெருங்குகிற வயதில் திருச்சிக்குத் திரும்பி, மன்னார்புரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின். அதோடு இணைத்த, திரையும் கீபோர்டும் மட்டுமான சில டெர்மினல்கள். ஒரு கல்லூரிக்குப் பரீட்சை முடிவு போடுகிற புரோகிராம்களை எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு டெஸ்ட் உண்டு. டெஸ்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஷெல் என்கிற கட்டளை மொழியில் நாலு வரி. மாதிரி மார்க்குகளைக் கொடுத்துப் புரோகிராமை ஓட்டு, வருகிற விடையை ஒரு ஃபைலில் போடு, சரியான விடையோடு ஒப்பிடு, பாஸா ஃபெயிலா சொல்லு. அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொருத்தர் டெஸ்ட்டும் ஒவ்வொரு விதமாக ஆரம்பிக்கும். ஒன்று ஃபைல்களை வைக்கிற அறை மாதிரியான இந்த டைரக்டரியில் நின்றால்தான் ஓடும், இன்னொன்று அந்த ஃபைல் ஏற்கெனவே இருந்தால்தான் ஓடும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு முன்னேற்பாட்டு ஃபைல் எழுதி, எல்லா டெஸ்ட்டும் அதை முதல் வரியில் கூப்பிடட்டும் என்றேன். சீனியர் வரதனுக்குப் பிடிக்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் திருமண்ணோடு வந்து உட்காருகிறவர். அவருடைய டெஸ்ட் ஒன்றுகூட ஃபெயிலானதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என் டெஸ்ட் எங்காத்து சமையல் மாதிரி சார். அடுத்தவா வந்து கரண்டி போடப்படாது."

தினமும் ஃபெயில்

ஸ்டெல்லா பாலக்கரைப் பெண். எங்களிடம் சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பாடங்களின் மார்க்கைக் கூட்டி, பையன் பாஸா இல்லையா என்று தீர்மானிக்கிற புரோகிராம் அவளுடையது. தினமும் அவளுடைய டெஸ்ட் எல்லாம் ஃபெயில். அவள் காகிதத்தில் கூட்டிக் காட்டுவாள், சரியாக இருக்கும். மெஷினில் ஓட்டினால் ஃபெயில். நான் என் பெயரில் உள்ளே போய் ஓட்டினேன், அதுவும் ஃபெயில்.

முதலாளி நாகராஜன் இரும்பு வியாபாரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். எடைபோட்டால் முள் ஒரு பக்கம் சாயவேண்டும் அவருக்கு. கல்லூரியில் பரீட்சைக்குப் பொறுப்பான ஃபாதர் மாசக் கடைசியில் நேரில் பார்க்க வருகிறார், அன்றைக்கு அவர் எதிரில் இது பாஸாகவில்லை என்றால் வேறு ஆள் பார்க்கவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"எது தப்புன்னு காட்டுங்க சார், திருத்திக்கிறேன். எதுன்னே சொல்லாம வீட்டுக்குப் போன்னா எப்படிங்க சார்?"

சொர்க்கவாசல் திறந்த நாள்

வைகுண்ட ஏகாதசிக்கு வரதன் லீவு. அன்றைக்கு ஸ்ரீரங்கத்துக்காரர் யாராவது ஆபீஸ் வந்தால்தான் ஆச்சரியம். மெஷினை தினமும் சாயங்காலம் நிறுத்திவிட்டுக் காலையில் திரும்பக் கிளப்புவோம். கிளப்பியதும் ஸ்டெல்லா உட்கார்ந்து ஓட்டினாள். பாஸ். அடுத்ததும் பாஸ். ஒன்றுவிடாமல் எல்லாம் பாஸ். நம்பாமல் மறுபடி ஓட்டினோம், மறுபடி பாஸ்.

மறுநாள் வரதன் பிரசாதத்தோடு வந்தார். எல்லாரும் சாப்பிட்டோம். ஸ்டெல்லா டெஸ்ட்டை ஓட்டினாள். பழையபடி ஃபெயில். நாகராஜன் எட்டிப் பார்த்து, "ஏம்மா, உன் புரோகிராமும் ஏகாதசிக்கு மட்டும்தான் கதவைத் திறக்குமா?" என்றார். அவள் கையில் பாதி லட்டு. சிரிக்காமல் பதில் சொன்னாள்:

"நான் வேணா தினமும் விரதம் இருந்துடறேன் சார். வாசலை மட்டும் தினமும் திறந்து வைக்கச் சொல்லுங்க."

சீட்டில் கிடந்த துண்டு

வரதன் வந்தால் ஃபெயில், வராவிட்டால் பாஸ். இதை யாரிடமும் சொல்லவும் கூசியது. மனுஷனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். ஸ்டெல்லாவின் டெஸ்ட்டை வரி வரியாகப் படித்தேன். புதிதாகச் சேர்ந்தவர் சீனியர் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். அவளும் வரதனுடைய டெஸ்ட்டைத்தான் நகல் எடுத்து, புரோகிராம் பெயரையும் சரியான விடையையும் மட்டும் மாற்றியிருந்தாள். அதில் மெஷின் காட்டுகிற பிழைச் செய்திகளைக் கண்ணில் படாமல் தூக்கிப்போடுகிற ஒரு சின்னக் கட்டளை இருந்தது. திரை அசிங்கமாகிறது என்று வரதன் போட்டது. அதை எடுத்துவிட்டு ஓட்டினேன். 'இந்த ஃபைலை எழுத உனக்கு அனுமதி இல்லை' என்று மெஷின் சொன்னது. பாவம், தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அதுதான் கதை. எல்லாரும் தற்காலிகமாக எழுதுகிற பொது டைரக்டரியில் விடை ஃபைலுக்கு இரண்டு பேரும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். காலையில் முதலில் வருகிற வரதன் எழுதி வைத்தால் அது அவர் சொத்து. வேறு யாரும் மேலே எழுத முடியாது. ஸ்டெல்லாவின் விடை எங்கேயும் பதிவாகவே இல்லை. அங்கே கிடந்த வரதனுடைய பழைய விடையைத்தான் அவளுடைய டெஸ்ட் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. மெஷின் காலையில் எழும்போது அந்த டைரக்டரியைக் காலி செய்துவிடும். அதனால்தான் வரதன் இல்லாத அன்று அவளுக்கு இடம் கிடைத்தது.

விளக்கிச் சொன்னதும் ஸ்டெல்லா நாற்காலியைத் திருப்பி வரதனைப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளா உங்க பேப்பரைத் திருத்தி எனக்கு முட்டை போட்டிருக்கு, இல்லீங்களா சார்?"

தனி அடுப்பு

அன்றே பொது ஃபைலை எழுதினேன். 'ஆரம்பம்' என்று பெயர். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் வேறு யாருக்கும் இல்லாத பெயரில் காலி டைரக்டரி ஒன்று திறக்கும். மாதிரி மார்க்குகளை அதில் புதிதாக நகல் எடுத்து வைக்கும். பிழைச் செய்தியை மறைக்காது. டெஸ்ட் முடிந்ததும், பாதியில் நிறுத்தினாலும்கூட, எல்லாவற்றையும் துடைத்துவிடும். டெஸ்ட் எழுதுகிறவர் செய்யவேண்டியது முதல் வரியில் ஒரு புள்ளி, ஒரு இடைவெளி, ஃபைலின் பெயர்.

வரதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு டெஸ்ட்டில் அதைச் சேர்த்தார். "ஒண்ணும் ஆகலையே சார்" என்றார். புள்ளியை விட்டிருந்தார். புள்ளி இல்லாவிட்டால் ஷெல் இன்னொரு ஷெல்லைத் திறந்து அதில் ஏற்பாடெல்லாம் செய்து, அதையும் மூடிவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்துவிடும். பக்கத்து வீட்டில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு நம்மை இங்கேயே சாப்பிடக் கூப்பிட்டதுபோல. புள்ளி வைத்ததும் ஓடியது. என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் நிமிர்ந்தார்.

"தனி அடுப்பு, அலம்பின பாத்திரம், முடிஞ்சா தேய்ச்சுக் கவுத்துடறது. இதுக்குப் பேர் மடி சார்! முதல்லயே அப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் மல்லுக்கு நிக்கப்போறேன்?"

ஃபாதர் முன்னிலையில்

மாசக் கடைசியில் ஃபாதர் வந்தார். வெள்ளை அங்கி, கையில் குடை, பேச்சு குறைவு. பின்னால் நாகராஜன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா டெஸ்ட்டை ஓட்டினாள். பக்கத்து டெர்மினலில் வரதனும் வேண்டுமென்றே அதே நேரத்தில் ஓட்டினார், பழைய மோதல் இல்லை என்று காட்ட. பாஸ், பாஸ், பாஸ் என்று அவள் திரையில் வரிசையாக இறங்கியது. கடைசி பாஸ் வந்ததும் அவள் வரதன் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

வரதன் திரையில் கடைசி வரி: ஃபெயில்.

ரேங்க் போடுகிற புரோகிராமுக்கான அந்த டெஸ்ட்டில் அன்று காலையில்தான் முதல் வரியைச் சேர்த்திருந்தார். 'என்னிக்கும் பாஸாறதுதானே' என்று ஓட்டிப் பார்க்கவில்லை. அவருடைய ரேங்க் புரோகிராம் மார்க்கைத் தானாக வரிசைப்படுத்துவதே இல்லை. முந்தைய டெஸ்ட் வரிசைப்படுத்தி விட்டுப்போன ஃபைல் அங்கேயே கிடந்ததால் இத்தனை நாள் அதன்மேல் ஓடியிருக்கிறது. காலி டைரக்டரியில் நிறுத்தியதும் குட்டு உடைந்தது. கல்லூரியில் போய் உடைந்திருந்தால் கடைசிப் பெஞ்சுப் பையன் முதல் ரேங்க் வாங்கியிருப்பான்.

நாகராஜன் முகம் கறுத்தது. ஃபாதர் குடையை மேஜையில் சாய்த்துவிட்டு, "சரி பண்ணிடலாமா?" என்று மட்டும் கேட்டார். ஸ்டெல்லா தன் நாற்காலியை வரதன் பக்கம் இழுத்துப் போட்டாள். வரதன் நகர்ந்து இடம் விட்டார். காபி வந்து ஆறுவதற்குள் வரிசைப்படுத்துகிற வரி புரோகிராமிலேயே ஏறியது, மறுபடி ஓட்டினார்கள், பாஸ். நாகராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க ஃபாதர், எல்லாமே முதல்லயே பாஸாகியிருக்கணும்" என்றார். ஃபாதர் தலையை ஆட்டினார்:

"மன்னிப்பெல்லாம் வேணாங்க. நூத்துக்கு நூறு பாஸ்னு எந்தப் பரீட்சை சென்டர்லேர்ந்து வந்தாலும் நான் முதல்ல அங்க சூபர்வைசர் யாருன்னுதான் கேப்பேன். இங்க சூபர்வைசர் நல்லா முழிச்சுக்கிட்டு இருக்கார்."

நாகராஜன் அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவின் வேலையை நிரந்தரமாக்குகிற உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை வரதன் தன் பழைய டெஸ்ட்டுகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, புள்ளியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக முதல் வரி சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஆபீஸில் எல்லாரும் ஒரே வரியில் ஆரம்பிக்கவேண்டும் என்றால், நியாயத்தை எத்தனை நாள் எடுத்துச் சொன்னாலும் போதாது, ஃபெயிலே ஆகாதவர் ஒருத்தர் பெரிய மனுஷர் எதிரில் ஃபெயிலாகவேண்டியிருக்கிறது.