ஒரு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை

நீலகிரித் தைலத்தின் நெடியும் அப்போதுதான் இறங்கிய காபி டிகாக்‌ஷனின் மணமும் கலந்து வரும்போதெல்லாம், எங்கே இருந்தாலும் எனக்குத் திருவண்ணாமலையில் விடியற்காலை ஐந்து மணி ஆகிவிடுகிறது. தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில், அம்மா ஒரு காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுசதையில் தைலம் தேய்ப்பாள். அப்பா அவள் பக்கத்தில் காபி டம்ளரை வைப்பார். எழுபதுகளின் கடைசியில், இரண்டு பிள்ளை பெற்று முப்பத்துநான்கு வயதான பிறகு, என் அம்மா ஓடப் பழகிய காலம் அது.

அம்மாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, வெளியூருக்கு ‘டிரங்க் கால்’ கேட்பவர்களின் அவசரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரையில் மறுபடி உட்காருவாள். அப்பா பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். எனக்குப் பத்து வயது, தம்பி பாபுவுக்கு நாலு.

ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாட்டு கேரியர் கொடுக்க மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். கேரியரை வாங்கிக்கொண்டு அப்பா விசில் அடித்ததும் பஸ் நகர்ந்தது. பாபு அம்மாவின் கையை உதறிவிட்டு “அப்பா” என்று கத்திக்கொண்டே பஸ்ஸின் பின்னால் ஓடினான். அதே நேரம் பக்கத்து வரிசையிலிருந்து இன்னொரு பஸ் பின்புறமாக வந்துகொண்டிருந்தது. அம்மா ஓடினாள். இருபது அடிகூடப் போயிருக்க மாட்டாள், புடவை காலைப் பின்னியது, விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டுவிட்டாள். கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து பாய்ந்த ஒரு பூக்காரம்மாதான் பாபுவின் நிஜார்ப் பட்டியைப் பிடித்து இழுத்தது. அவன் நின்றிருந்த இடத்தின்மேல் பஸ்ஸின் பின்சக்கரம் ஏறி நின்றது.

“ஏம்மா, பெத்த புள்ளைய ஓடிப் புடிக்க மாட்டியா நீ?” என்றது பூக்காரம்மா. திட்டுவதற்காகக் கேட்டதல்ல, பயத்தில் கேட்டது. அம்மாவுக்கு மூச்சே திரும்பவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சிதறிக்கிடந்த மல்லிகைக்கு நடுவில் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

மறுநாள் அப்பா வந்ததும் சொன்னாள். “என் புள்ளைய என்னால ஓடிப் புடிக்க முடியலங்க.”

“அந்தக் கூட்டத்துல யாரால முடியும் சரோஜா?”

“கூட்டம் இல்லங்க. வழி நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் முடியல.”

அதற்கடுத்த வாரம் அப்பாவின் பழைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவின் முன்பக்கத்தில் துணியை அடைத்து அம்மா போட்டுப் பார்த்தாள். அப்பா சிரிக்கவில்லை. “முட்டி ஜாக்கிரதை” என்று மட்டும் சொன்னார்.

ஓடுவதற்கு அவளுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அதற்குள் திரும்பியாக வேண்டும். அதனால் கிளம்பும்போதே குடத்தைக் குழாயடி வரிசையில் வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டுக் கமலாக்கா “போய்ட்டு வா, உன் குடத்த எவ நகுத்துறான்னு நான் பாக்குறேன்” என்று காவலுக்கு நிற்பாள். அப்பா வீட்டில் இருக்கும் நாள்களில்தான் ஓட்டம். பாபு அவர் பக்கத்தில் தூங்குவான். விடிந்தும் விடியாத ரோட்டில் தனியாகப் போகக்கூடாதென்று துணைக்கு என்னை எழுப்புவாள். செங்கம் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு மதகு இருந்தது. அதன்மேல் டார்ச் லைட்டும் அம்மாவின் செருப்புமாக நான் உட்கார்ந்திருக்க, அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்குவாள்.

முதல் நாள் ஒரு டெலிபோன் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும்கூடப் போகவில்லை. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. திரும்பி வந்து மதகில் உட்கார்ந்தவள், கொஞ்ச நேரம் அந்தக் கம்பங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எக்ஸ்சேஞ்சில் யாருக்கோ லைன் போட்டுக் கொடுப்பதைப்போலச் சாதாரணமாக, “ஒரு கம்பம் ஓடறேன், ஒரு கம்பம் நடக்கறேன். முடியறப்ப ஓட்டத்த ஜாஸ்தி பண்ணிக்கலாம், நடைய கம்மி பண்ணிக்கலாம்” என்றாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு மாதத்தில் இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை என்றானது. மழைக்காலம் தொடங்குவதற்குள் ஐந்து கம்பம். இருட்டுக்குள் போய் மறைந்து திரும்பி வரும் அவளுடைய வெள்ளை ஷூக்கள்தான் முதலில் என் கண்ணுக்குத் தெரியும்.

அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவரும் பெரியவர் ஒருநாள் வண்டியை நிறுத்தி, “இன்னாம்மா, வேண்டுதலா?” என்று கேட்டார். மலையைச் சுற்றி உருண்டு போகிறவர்களைக்கூடப் பார்த்த ஊர். ஓடுகிறவளுக்கும் ஏதோ வேண்டுதல் இருக்குமென்று நினைத்துவிட்டார். “ஆமாங்க” என்றாள் அம்மா. அவர் போனதும் நான் முறைத்தேன். “பொய் இல்லடி செல்வி, வேண்டிக்கிட்டுதான் ஓடறேன்” என்றாள்.

ஆனால் எல்லோரும் வேண்டுதல் என்று நினைக்கவில்லை. என் வகுப்பில் ஒருத்தி, பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கியபடி ஓடிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அதைவிட மோசம், நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “நீ இனிமே ஓடாத. எனக்கு அசிங்கமா இருக்கு. நான் தொணைக்கு வரமாட்டேன்” என்றேன்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. “சரி” என்று சொல்லிவிட்டு ஷூவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள்.

பத்து நாள் இருக்கும். ஐந்து மணிக்கு யாரும் எழுப்பவில்லை. எனக்கு மட்டும் விழிப்பு வந்துகொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை மறுபடி கேரியரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அப்பாவின் பஸ் போனதும் பாபு அழ ஆரம்பித்தான். பஸ் போனதற்காக அழுகிறான் என்றுதான் நினைத்தேன். “கை வலிக்குதும்மா, கை வலிக்குது” என்றான். அம்மா அவன் மணிக்கட்டை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தாள்; விட்டபோது நாலு விரலும் பதிந்து சிவந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் அவள் அப்படிப் பிடித்ததே இல்லை, சுண்டுவிரலை மட்டும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவாள். அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறி ஷூவை எடுத்தேன். தேய்த்துக் கழுவி அடுப்புப் பக்கத்தில் காயவைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உனக்கு அசிங்கமா இருக்குன்னியே?”

“இருக்கும். ஆனா இந்தவாட்டி நான் மதகுல உக்காரமாட்டேன். கூட ஓடறேன்.”

என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவளிடம் தாளித்த எண்ணெயின் வாசனை அடித்தது.

நான் வெறுங்காலோடு ஓடினேன். முதல் வாரம் அம்மாவை முந்திக்கொண்டு போய், மூச்சு முட்டி நின்று, அவள் நிதானமாக என்னைக் கடந்து போவதைப் பார்த்தேன். பிறகு அவள் வேகத்துக்கு என்னைப் பழக்கிக்கொண்டேன். ஓடும்போது நாங்கள் பேசியதில்லை. ஆனால் வீட்டில் சொல்லாத எதையோ அவள் என்னிடம் சொல்வதைப்போல இருக்கும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், மதகிலிருந்து கிளம்பியவள் வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்பவில்லை. “முடியுமாடி?” என்றாள். “முடியும்” என்றேன். மலையைச் சுற்றும் பாதையில் திரும்பி, ஈரமண் காலில் அப்ப, காட்டுப்பக்கமாக ஓடி, நடுவில் ஒரு தடவைகூட நடக்காமல் அடி அண்ணாமலை வந்து சேர்ந்தோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அம்மா சிரித்தாள். புடவையெல்லாம் சேறு. தெருவே வேடிக்கை பார்த்தது. வாயைக் கையால் மூடிக்கொள்ளாமல் அவள் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பால்காரப் பெரியவர் கேனைத் திறந்து ஆளுக்கு ஒரு டம்ளர் கறந்த சூட்டோடு கொடுத்தார். “வேண்டுதல் முடிஞ்சுதாம்மா?” என்றார். “இல்லீங்க, இப்பதான் ஆரம்பம்” என்றாள் அம்மா. அன்று குழாய்த் தண்ணீரும் போயிற்று, எக்ஸ்சேஞ்சுக்கும் அரை மணி தாமதம்.

பாபு மறுபடி கையை உதறிவிட்டு ஓடியதாகவும், அம்மா பாய்ந்து பிடித்ததாகவும் முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா மட்டும் ஐம்பது வயது தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தாள்.

அப்பா இப்போது இல்லை. அம்மா எண்பதைத் தொட்டுவிட்டாள். சென்னையில் பாபுவின் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் அம்மாவும் நானும் ஊருக்குப் போய், விடியற்காலையில் ஆட்டோவில் மலையைச் சுற்றினோம். புளியமரங்கள் பாதிக்குமேல் போய்விட்டன; இருட்டாக ஓர் இடம்கூட இல்லை. வழியெல்லாம் கலர் கலராக உடை போட்டுக்கொண்டு ஆணும் பெண்ணும் ஓடுகிறார்கள். எதிரே வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்பதில்லை, பள்ளிக்கூட வராந்தாவில் யாரும் நடித்துக் காட்டப்போவதும் இல்லை. அந்தப் பார்வை ஊரைவிட்டுப் போய்விட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

பருமனான ஒரு பெண், சின்னப் பிள்ளையின் தாயாகத்தான் இருக்க வேண்டும், முகம் சிவக்கத் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா டிரைவரின் தோளைத் தட்டி, “கொஞ்சம் மெதுவா போப்பா” என்றாள். பார்த்துக்கொண்டே வந்தாள்.

“கைய ரொம்ப இறுக்கி மூடிக்கினு ஓடறா. அதான் தோள் ஏறிக்குது. தளர விடச் சொல்லுடி.”

“தெரியாதவங்கம்மா. என்னா நெனப்பாங்க?”

“நெனச்சா நெனக்கட்டும். சொல்லு.”

நான் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிச் சொன்னேன். அந்தப் பெண் முதலில் திகைத்தாள். என் பின்னாலிருந்து அம்மா தன் இரண்டு கைகளையும் காற்றில் உதறிக் காட்டுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். விரல்களைப் பிரித்தாள். அவள் தோள்கள் இறங்கின.