பீலியைக் கழுவிய புதன்கிழமை

புதன்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, அம்மன் திருவிழாவில் மிஞ்சிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து எங்கள் ஊற்றுத் தொட்டிக்குள் ஊற்றினேன். ஆறரை பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரியில் இருந்த மகளிடம் போக வேண்டும். அதனால் கைபேசியில் நேரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கரைத்தேன்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தோட்டம். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஊறும் தண்ணீர் ஒரு சீமெந்துத் தொட்டியில் சேர்ந்து, குழாய் வழியே பீலியாக விழும். குடிக்கவும் குளிக்கவும் அதுதான். ஊற்றுக்கும் மேலே, தேயிலையைக் கைவிட்ட சரிவில், கிரவல் மண் வெட்ட யாரோ அனுமதி கேட்டிருந்தார்கள். அனுமதி வருமுன்பே ஆட்கள் வந்து கூடாரம் போட்டுச் சோதனைக் குழிகள் தோண்டினார்கள். தங்கள் தேவைக்கு ஒரு மலக்குழியும் வெட்டிக்கொண்டார்கள். அடுத்து மழை பிடித்தது. மழை விட்ட சில கிழமைகளில் என் மகளின் கண்கள் மஞ்சளாயின.

தண்ணீரால் வரும் நோய் என்றார் டாக்டர். நான் பாடசாலையில் படிப்பிக்கிறவள். கொதித்தாறிய நீரைப் பற்றி வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவள். வீட்டில் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் பாடசாலை விட்டு வரும்போது அவள் பீலியில் கை ஏந்திக் குடிப்பாள். எனக்குத் தெரியும். நானும் அப்படிக் குடித்து வளர்ந்தவள் என்பதால் தடுக்கவில்லை.

கிரவல் குழிகளைப் பற்றிச் சுற்றாடல் அலுவலகத்துக்கு நான் எழுதிய முறைப்பாட்டுக்குப் பதில் வந்தது. கிரவலுக்கு அனுமதி கொடுக்குமுன் ஊற்று நீரைப் பரிசோதிக்க அதிகாரி ஒருவர் புதன்கிழமை வருவாராம்.

வெளியாள் வருகிறார் என்றால் லயத்தைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். வடிகானில் கிடக்கும் குப்பையை அள்ளுவோம், வாசலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதை நிறையப் பார்த்துவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா, கொழுந்து பறிக்கிறவர், முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பீலியடிப் பாசியப் பாத்தா என்ன நெனப்பாங்க டீச்சர்? இவங்களே நாறடிச்சிக்கிட்டாங்கன்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாலு பெண்கள் தேங்காய்ச் சிரட்டையும் தும்பும் கொண்டு சுரண்டினார்கள்.

"இன்னைக்கி பீலிக்குக் கல்யாணம்."

"மாப்பிள்ள பத்து மணிக்கி ஜீப்புல வாராரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பவுடரை ஊற்றினேன். என் பிள்ளையைப் படுக்கையில் போட்ட கிருமி சாகட்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இருக்கவில்லை.

அதிகாரி வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இளம் சிங்களப் பெண் என்று அக்கா சொன்னார். தொட்டியிலிருந்து சின்னப் போத்தல்களில் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாராம். "ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க. நமக்குப் பெருமையா இருந்திச்சி."

மூன்று கிழமைக்குப் பிறகு பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பிரியுமுன் எல்லோரும் கூடி நிற்க, தோட்டத்துச் சங்கத் தலைவர் அந்த அலுவலகத்தின் கடிதத்தை வாசித்தார். ஊற்று நீரில் கிருமி இல்லை, குடிக்க உகந்தது. தண்ணீரைக் காரணம் காட்டிக் கிரவல் வேலையை மறுக்க இடமில்லை. அன்று காலை நான் ஊற்றிய பவுடர்தான் கிருமியைக் கொன்றிருந்தது. அத்தனை பேருக்கு நடுவே நான் மட்டும் காரணம் தெரிந்து நின்றேன். அன்று பின்னேரம் பீலியடியில் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம சாட்சிய நம்மளே கழுவிட்டமா?"

"நான்தான் ஊத்தினேன், அக்கா."

"ஊத்தினது நீங்க. தேய்க்கக் கூப்பிட்டது நான்."

பின்னால் குடத்தோடு நின்ற ஒருத்தி, "படிச்சவங்க செஞ்ச வேல" என்றாள்.

மறுநாள் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அந்தப் பெண்ணிடமே நடந்ததைச் சொன்னேன். திரும்ப வருவதாகவும், எந்த நாள் என்று சொல்ல முடியாது என்றும், அதுவரை தொட்டியில் எதையும் போட வேண்டாம் என்றும் சொன்னார்.

அப்படியே காத்திருந்தோம். மகள் வீட்டுக்கு வந்திருந்தாள், மெலிந்து, என் கையால் கொடுக்கும் தண்ணீரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு. நான் ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டதும் கொதித்தாறிய தண்ணீர் நிறைந்த கேனோடு பீலியடியில் நின்று பிள்ளைகளை விரட்டினேன். அப்படியிருந்தும் லயத்தின் கடைசி வீடான காம்பராவில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார்.

"மருந்து போட்டா கிருமி சாகுமா டீச்சர்?"

"சாகும்."

"அப்ப ஏன் போடாம இருக்கீங்க?"

சொன்னேன். இப்போது போட்டால் மறுபடியும் தண்ணீர் சுத்தம் என்றே எழுதிவிடுவார்கள் என்பதை அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும், "ஒங்க புள்ள வீட்டுக்கு வந்திருச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று பவுடர் டப்பாவை இரண்டு தரம் கையில் எடுத்தேன். இரண்டு தரமும் திரும்ப வைத்தேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் தூறலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அந்தப் பெண் தனியாக இறங்கினார், தோளில் ஐஸ் பெட்டி. யாரும் எதையும் கழுவியிருக்கவில்லை. பாசி திரும்பப் பிடித்திருந்தது. அக்கா வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் முதலில் சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு மாத்திரை போட்டு, நிறம் மாறவில்லை, தண்ணீரில் பவுடர் மருந்து இல்லை என்று எனக்குக் காட்டினார். அதன்பின் போத்தல்களை நிரப்பினார். மேலே ஏறிப் போய்க் கூடாரத்தையும் மலக்குழியையும் படம் எடுத்தார். சேறு அப்பிய சப்பாத்தோடு இறங்கி வந்து, பெட்டியை மூடிவிட்டு, சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர் போல நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்:

"எடுத்தாச்சு டீச்சர். இப்ப மருந்து போடுங்க. புள்ளைகள் குடிக்கிற தண்ணிதானே."