முட்டுக் கொடுத்த லாட்ஜ்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. புதுச்சேரியில் என் மாமனாருக்கு மாடியோடு ஒரு சின்ன லாட்ஜ் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். சுவரெல்லாம் முழக் கனம், புயலுக்கே அசையாது. அதை அப்படியே விட்டுவைக்க என் கணவருக்குத்தான் மனசு வரவில்லை.

கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் கொடுத்த காலண்டரில், இங்கிலாந்துப் பக்கத்துப் பழைய சத்திரம் ஒன்றின் படம் இருந்தது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் நெடுக்காக, குறுக்காக, சாய்வாக ஓடின. மனிதர் அதில் மயங்கிவிட்டார். பெட்டிப் பலகைகளை வாங்கி அறுத்து, தார் பூசி, லாட்ஜின் முகப்பு முழுக்க ஆணி அடித்துவிட்டார். "பிரெஞ்சுக்காரன் கட்டடத்துக்கு இங்கிலீஷ்காரன் கோட்டை மாட்டுறியாடா?" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண். இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போய், மூன்றாவதாக அமைந்த சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் தங்க எங்கள் லாட்ஜைத்தான் ஒழித்து வைத்திருந்தோம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் விழுப்புரம் பக்கத்திலிருந்து அவர்கள் அமர்த்திய பஸ் வந்து நின்றது. சம்பந்தியம்மா இறங்கினார், அண்ணாந்து பார்த்தார், நடுரோட்டிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, வுழுவுற செவுத்துக்கு முட்டு குடுத்து நிறுத்தி வச்சிக்கினு, எங்கள உள்ள போயி படுக்கச் சொல்றீங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் சுவர் சரிந்தால் சவுக்குக் கட்டையைச் சாய்த்து முட்டுக் கொடுப்பார்கள். அந்த முகப்பை யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். என் கணவர் காலண்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "அத்த, இது இங்கிலீஷ் மாடல்!"

அந்த அம்மா படத்தை உற்றுப் பார்த்தார். "அவன் ஊட்டு செவுரும் சரியில்ல போல, தம்பி. பாவம், எத்தினி கட்ட குடுத்திருக்கான்!"

இறக்கிய பெட்டிகள் மறுபடி பஸ்ஸில் ஏறின. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கைக்கு என்ன பதில் சொல்வேன்? இவரோ விறுவிறுவென்று மாடிக்கு ஓடி, ஜன்னல் வழியே கையை விட்டு வெளிச்சுவரை ஓங்கி ஓங்கிக் குத்தினார். "பாருங்க! ஆடுதா? அசையுதா?"

அசைந்தது. சாய்வாக ஓடிய நீளப் பலகை ஒன்று ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து, படார் என்று ரோட்டில் விழுந்தது. பெண்கள் அலறினார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது சம்பந்தியம்மா அந்தப் பலகையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே பார்த்தார். பலகை இருந்த இடத்தில் ஒரு விரிசல்கூட இல்லாமல் சுவர் வெள்ளையாக நின்றது. கிட்டே போய்க் கையால் தட்டியும் பார்த்தார்.

"அட, சும்மா ஒட்டுப் பலகதானா? இத மொதல்லயே சொல்றதுக்கின்னா தம்பி? மிச்சத்தயும் பேத்துப் போடுங்கடா, உள்ள போவலாம்!"

மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களே பெயர்த்தார்கள். மறுநாள் காலை அவர்கள் குளிக்க வெந்நீர் காய்ந்தது அந்தப் பலகைகளில்தான். தார் வாடையோடு மணமேடைக்கு வந்த மாப்பிள்ளையைத் தங்கை இன்றும் கேலி செய்யாமல் விடுவதில்லை.

அந்த நாட்டில் மரச்சட்டங்கள்தான் கட்டடத்தையே தாங்குமாம், சுவர் இடைவெளியை அடைக்க மட்டும்தானாம். காலண்டரின் பின்பக்கம் அப்படிப் போட்டிருந்ததாக என் கணவர் வெகுநாள் கழித்து முனகினார். எங்கள் லாட்ஜில் சுவர்தான் மரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. விசேஷ வீட்டில் எந்த ஆண்பிள்ளையாவது "நான் மட்டும் இல்லன்னா இந்தக் குடும்பமே நிக்காது" என்று ஆரம்பித்தால், சம்பந்தியம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பலகை விழுந்த பிறகும் சுவர் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.