நான்கு முனைக்கும் குங்குமம்

புத்தூரில் ஜெகநாதன் நடத்தும் திரையரங்கின் ஒலிக்கருவிகளைக் கவனிப்பவர் கோதை. சத்தியவேடு பக்கத்தில் கூலி வேலை பார்த்த நாகையாவின் மகள். ஐ.டி.ஐ. முடித்து, திருச்சானூரில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடையொன்றில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். தனியாக ஏற்ற முதல் பொறுப்பு இந்தத் திரையரங்குதான்.

மறுவெளியீடாக வரும் பழைய படங்கள் சிலவற்றில் ஒலி இடம், வலம் என இரண்டே தடங்களில் இருக்கும். நான்கு பக்கத்து ஒலியையும் அவற்றுக்குள்தான் அடக்கியிருப்பார்கள். நடுவில் கேட்க வேண்டிய வசனம் இரு தடங்களிலும் ஒரே மாதிரி பதிவாகும். பின்சுவரில் கேட்க வேண்டிய மழையோ இரு தடங்களில் ஒன்றுக்கொன்று எதிராகப் பதிவாகும். பிரித்தெடுக்கும் பெட்டி இரண்டையும் கூட்டும்போது மழை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். வசனம் மிஞ்சி நடு ஸ்பீக்கருக்குப் போகும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது வசனம் அழிந்து, மழை பின்சுவருக்குப் போகும். அத்தகைய பெட்டி ஒன்றைக் கோதை தாமே செய்து பொருத்தியிருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலைக்காட்சியில் வசனம் பின்சுவரிலிருந்து கேட்டது. மழைச் சத்தம் திரையிலிருந்து வந்தது.

ஜெகநாதன் போனில் கத்தினார்: "இன்னா கோதை, ஹீரோ பாத்ரூம்லேர்ந்து பேசிக்கினு கீறான்! ஜனம் திரும்பித் திரும்பிப் பாக்குது. மேட்னிக்குள்ள சரியாவலன்னா திருப்பதி கம்பெனிக்காரனைக் கூப்புடுவேன். உன் பொட்டியைக் கழட்டிக்கினு போயிடு."

கழற்றிய பெட்டியோடு திரும்பினால் அந்த வட்டாரத்தில் வேறெந்தத் திரையரங்கும் தம்மைக் கூப்பிடாது என்பது கோதைக்குத் தெரியும்.

திரையரங்குக்கு விரைந்து வந்த அவர், காலைக்காட்சி முடிந்ததும் பெட்டியை விலக்கிவிட்டு, இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டி ஒரே ஸ்பீக்கரில் கேட்டார். வசனம் ஏறக்குறைய மறைந்தே போனது. ஆகவே குற்றம் பெட்டியில் இல்லை. அதற்கு வந்து சேரும் முன்பே ஒரு தடம் தலைகீழாகிவிட்டது. பெட்டிக்கு வரும் கம்பிகளைப் பார்த்தார். இடத் தடத்துக்கு இரண்டு, வலத் தடத்துக்கு இரண்டு, எல்லாமே கறுப்பு. ஒரு தடத்தின் பிளஸும் மைனஸும் இடம் மாறினால் அந்தத் தடம் தலைகீழாகும். பொருத்திய நாளில் அடையாளத்துக்காகப் பிளஸ் முனைகள் இரண்டில் மட்டும் குங்குமம் வைத்திருந்தார். இப்போது நான்கு முனைகளிலும் குங்குமம் இருந்தது.

"முனிசாமிண்ணா, இதைக் கழட்டினீங்களா?" என்று ஆபரேட்டரைக் கேட்டார்.

"பூஜைக்குத் தொடைக்க வாணாமா? தொடைச்சி, பொட்டு வெச்சி, திரும்ப மாட்டினேன். நீதான் ரெண்டுக்கு வெச்சிட்டு ரெண்டை அம்போன்னு வுட்டிருந்தே. பாவமேன்னு அதுங்களுக்கும் வெச்சேன்."

கோதை சிரித்துவிட்டார். ஏதாவது ஒரு தடத்தைத் திருப்பினால் போதும் என்பதால், வலத் தடத்துக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றித் திருகினார். வசனம் கனத்து வந்தது. பெட்டியை மீண்டும் இணைத்தார்.

ஜெகநாதன் மேலே ஆபரேட்டர் அறைக்கு வந்தார். "யார் பண்ண வேலை இது? இவனா?"

முனிசாமி வாசலைப் பார்த்தார்.

"குங்குமத்தால அடையாளம் போட்டது நான்தான் சார். பூஜை வரும்னு நெனைக்கல," என்றார் கோதை. "மேட்னிக்குக் கடைசி வரிசையில உக்காந்து கேளுங்க."

ஜெகநாதன் உட்கார்ந்தார். வசனம் திரையிலிருந்தே வந்தது. மழைக்காட்சியில் ஒருமுறை தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். திருப்பதிக்குப் போன் போகவில்லை.

இப்போது அந்தக் கம்பிகளில் எண் போட்ட வளையங்கள் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோதையே வந்து துடைக்கிறார். எல்லாவற்றையும் திருகி முடித்த பிறகுதான் பொட்டு வைக்க முனிசாமியை அழைக்கிறார்.