கஜா பெராங்கில் ஒன்பதரை மணி மழை

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்கு வந்ததும் முதலில் கைப்பற்றியது எங்கள் கடிகாரங்களை. தோக்கியோவில் என்ன நேரமோ அதுதான் இனி எங்களுக்கும் என்றார்கள். ஊரே முள்ளை ஒன்றரை மணி முன்னுக்குத் தள்ளிக்கொண்டது. சூரியனுக்கு மட்டும் சுற்றறிக்கை போகவில்லை.

முள்ளைத் தள்ளாதவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மலாக்காவின் கஜா பெராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் இருந்த பிரதர். கத்தோலிக்கத் துறவி, பள்ளிக்கூடம் நடத்தும் சபையைச் சேர்ந்தவர். பௌதிகம் கற்பித்தார். போருக்கு முன் அவருடைய அறிவியல் கூடத்தில் நான் உதவியாளன். பள்ளிக்கூடத்துக்குள் சிப்பாய்கள் குடிபுகுந்ததும் நான் உணவுப் பயிர் அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணியானேன். நடுநிலை நாட்டில் பிறந்தவர் என்பதால் பிரதரைச் சிறையில் போடவில்லை. கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி வெளியே விட்டுவைத்திருந்தார்கள்.

அந்த வீட்டு முற்றத்தின் நடுவில் ஒரு மழைமானி இருந்தது. செப்புப் புனல், அதற்கடியில் ஒரு குடுவை. தினமும் காலை எட்டு மணிக்குக் குடுவைத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து புத்தகத்தில் எழுத வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய புத்தகம் அது. கையெழுத்து மாறினால் ஒரு பிரதர் கல்லறைக்குப் போய்விட்டார், அடுத்தவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. நடுவே சில பக்கங்கள் என் கையெழுத்து.

பிரதருக்கு அதில் கர்வம் அதிகம். "பட்டாணிச் செடியை எண்ணினது யாரு? மடத்துச் சாமியார். மணிலாவிலே புயல் வரும்னு முன்னாடியே சொன்னது யாரு? சாமியாருங்க" என்பார், மாணவர்களிடம் கற்ற தமிழில்.

"மலாக்காவிலே மழைத் தண்ணி ஊத்தினது யாருன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான், பிரதர்" என்பேன்.

"கேக்கவேணாம். புத்தகத்திலே ஓட்டை இல்லாம இருந்தா போதும்."

ஓட்டை விழும் நாள் வந்தது. வெற்றுத் தரையிலெல்லாம் மரவள்ளி நட வேண்டும் என்று உத்தரவு. வட்டாரத்துக்கு மேற்பார்வையாளர் ஒருவர். முன்பு ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக ஆள் மேய்த்தவர். அன்று நானும் பிரதர் வீட்டில் இருந்தேன். முற்றத்தைப் பார்த்த மண்டோருக்கு முகம் மலர்ந்தது.

"நல்ல மண்ணு. இந்தச் செம்பு என்னாத்துக்கு நடுவுலே? புடுங்கிக் குடுத்துருங்க. செம்பு பட்டாளத்துக்கு வேணும்."

"இதுக்குப் பக்கத்திலே செடி வளரக்கூடாது. இலை மழையை மறைச்சுடும்" என்றார் பிரதர்.

"ஐயா, பசிக்கு மழையையா திங்கிறது? மூணு நாளு. அப்புறம் நான் வரமாட்டேன், பட்டாளத்துக்காரன் வருவான் லா."

அவர் போன பிறகு பிரதர் சொன்னார்: "நான் குடுக்கமாட்டேன்." சொன்னால் செய்வார் என்பதுதான் எனக்குப் பயம். புத்தகம் நிற்கும், கூடவே அவரையும் கொண்டுபோவார்கள்.

அவருக்குத் தெரியாத ஓர் அறிவியல் எனக்குத் தெரியும்: கோப்பு. ஒவ்வொரு மாவட்டமும் தினசரி மழையளவு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்திருந்தன. எங்கள் அலுவலகத்தில் மழைமானி கிடையாது. ஆகவே மூன்றையும் 'பரிசீலனையில்' என்ற கட்டில் நானே தூங்க வைத்திருந்தேன். இப்போது எழுப்பினேன். கஜா பெராங்கில் நிலையம் தயார், ஆள் தயார், செலவு இல்லை, அங்கீகாரம் கோருகிறோம். மூன்று நினைவூட்டலுக்குப் பதில் போகாதது தன் தலையில் விடியுமோ என்று பயந்திருந்த ஜப்பானிய அதிகாரி ஒரே மூச்சில் சிவப்பு முத்திரையைக் குத்தினார்.

பிரதர்தான் முறைத்தார். "அவனுக்கு நான் வேலை செய்யணுமா?"

"நேத்து பேஞ்ச மழை, பிரதர். அதை வச்சு எவனும் நாளைக்குக் குண்டு போட முடியாது."

யோசித்தார். சம்மதித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். தினமும் மழையளவு அனுப்பும் படிவத்தில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் இருந்ததை மறந்துவிட்டேன்.

உலகத்தில் யாராக இருந்தாலும் அதைக் காலியாக விட்டிருப்பான். அளவு எடுத்த நிலைமையை ஒளிக்காமல் எழுதுவதே விஞ்ஞானம் என்று வளர்ந்த துறவி மட்டும்தான் அதில் இப்படி எழுதுவார்: 'உண்மையான நேரம் எட்டு மணிக்கு அளக்கப்பட்டது.'

படிவம் திரும்பி வந்தது. உண்மையான நேரம் என்றால் என்ன? அப்படியானால் தோக்கியோ நேரம் பொய்யா? நாளைக்குள் விளக்கம் தேவை. இல்லையேல் ராணுவப் போலீஸ்.

ஓடினேன். "தோக்கியோ நேரம் எட்டுக்கு எடுத்தேன்னு எழுதிக் குடுங்க, பிரதர். கையெடுத்துக் கும்பிடறேன்."

"அது பொய். அவங்க எட்டுக்கு எடுத்தா நேத்து மழை இன்னைக்கு மழையாயிடும். இத்தனை வருஷப் புத்தகமும் பொய்."

"சரி, நீங்க அளக்கறப்போ என் ஆபீஸ் சுவத்துலே மணி எத்தனை?"

விரலை மடக்கினார். "ஒன்பதரை."

"அதை எழுதினா பொய்யா?"

மடக்கிய விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்; அங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். 'தோக்கியோ நேரம் காலை ஒன்பதரைக்கு அளக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு சொல் பொய் இல்லை. மழைமானியும் அதே விநாடியில்தான் திறக்கப்பட்டது. நேரம் துல்லியமாகத் தரப்பட்டதற்குப் பின்னால் ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக்கூட வந்தது. அதை நான் முறைப்படி கோப்பில் சேர்த்தேன்.

கெடு முடிந்து மண்டோர் மண்வெட்டியோடு வந்தார். முத்திரைக் காகிதத்தை நீட்டினேன். மழைமானியைச் சுற்றி ஒரு செடி முளைத்தாலும் மேற்பார்வையாளரே பொறுப்பு என்ற வரியை நான்தான் சேர்த்திருந்தேன்.

"என்னா கிராணி, என் தலையிலேயே கட்டிட்டியே!" என்றார். ஆனாலும் மூங்கில் வெட்டி வந்து அவர் கையாலேயே வேலி போட்டார். அடுத்த வீட்டு ஆடு தலையை நீட்டியபோது அவர் விரட்டிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், படிவங்களோடு. முதல் கட்டிலேயே ஒன்று: 'ஆக்கிரமிப்புக் காலத்தில் விடுபட்ட மழைப் பதிவுகளுக்கான காரணம்.' இரண்டு பக்கம் இடம் விட்டிருந்தார்கள், பாவம்.

பிரதர் பேனாவை என்னிடம் தந்தார். "இதை நீதான் எழுதணும்."

'விடுபட்டவை: இல்லை' என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தைப் பார்த்தேன். பிரதரைப் பார்த்தேன். அதைக் காலியாகவே விட்டேன்.